பதினெட்டு கிலோ

நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும், புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கிற மார்ஃபினும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன. முற்றிய காயின் விதை சமையலறைக்கு வருகிறது. பச்சைக்காயாக இருக்கும்போதே மேல்தோலைக் கீறினால் கசிகிற பால் இறுகி அபினாகிறது. அந்த அபினுக்குள் இருப்பதுதான் மார்ஃபின்.

சட்டப்படி அபின் எடுக்கிற நாடுகள் உலகில் மிகச் சில. அவற்றில் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் பயிரிட்டு அரசுக்கே விற்கிறார்கள். காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. காஸிப்பூர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது, 1820-இல் தொடங்கியது. அமிதவ் கோஷின் ‘ஸீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலில் வருகிற அதே ஆலை. சீனாவில் அபினை விற்க இரண்டு போர்கள் நடந்தன. கம்பெனி போனது, பிரிட்டிஷார் போனார்கள், ஆலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட நாட்டில், 1997-இல் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபினின் அளவு வெறும் 18 கிலோ. ஒரு வருஷம் முழுக்க, மொத்த நாட்டுக்கும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தால் 5.4 கிராம் ஆகும். அப்படியானால் 18 கிலோ சுமார் 3,300 பேருக்குத்தான் போதும். புற்றுநோயால் மட்டுமே ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இறந்த நாடு இது.

மருந்து தெரியாததால் வந்த நிலை இல்லை. ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடை உதவியாளர், செர்ட்யூர்னர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்துவிட்டார். அதை எப்படிக் கொடுப்பது என்பதும் தெரிந்துதான் இருந்தது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்றொரு பெண். முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்தவர். வலி தாங்காமல் கேட்கிறபோது மட்டும் ஊசி போடுகிற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. வலி திரும்ப வருவதற்கு முன்பே, மணிக்கணக்குப்படி, முடிந்தவரை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும் என்றார். மருந்துக்காகக் கெஞ்சவிட்டால்தானே நோயாளி அடிமையைப் போலத் தெரிவார்? நேரத்துக்குக் கொடுத்தால் கெஞ்சவே வேண்டியதில்லை. 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் இதை நடைமுறையில் காட்டியது. 1986-இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே படிப்படியான வழிமுறையாக வெளியிட்டது.

அதற்கு முந்தைய வருஷம், 1985-இல், இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்ச தண்டனையே பத்து வருஷச் சிறை. மருந்துக்குத் தடை இல்லை. ஆனால் பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு கெடு. ஐந்தாவது கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும். எதுக்கு வம்பு என்று ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே நிறுத்தின. பன்னிரண்டு ஆண்டுகளில் மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்தது.

இந்த எண்களை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் பெரியம்மா. 2000-களின் தொடக்கத்தில் அவருக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. படிக்காதவர், ஆனால் வலியைச் சொல்ல அவரிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. “விண்ணு விண்ணுன்னு தெறிக்குது”, “நரம்புல ஊசி கோத்து இழுக்குற மாதிரி இருக்கு”, “இப்ப குத்தல் இல்ல, காந்துது.” கேஸ் ஷீட்டில் இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே வரிதான்: வலி இருப்பதாகச் சொல்கிறார். மார்ஃபின் பற்றிப் பெரியப்பா கேட்டபோது, “அது இங்க ஸ்டாக் இல்லைங்க, கொடுத்தாலும் பழகிடும்” என்றார் மருத்துவர். படுக்கையிலிருந்து பெரியம்மா கேட்டார்: “பழகுனா என்னங்க சார், நான் என்ன இன்னும் இருபது வருசமா இருக்கப் போறேன்?” யாரும் பதில் சொல்லவில்லை.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு அப்படி ஒரு கருவி கிடையாது, நோயாளியின் சொல் மட்டும்தான். ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் இருக்கின்றன. தெறிப்பு, குத்தல், எரிச்சல் என்று தரம் பிரித்தவை. எரிச்சல் நரம்பு வலியைக் குறிக்கலாம், அதற்கு வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தது புலம்பல் இல்லை, தகவல்.

அந்தத் தகவலை நம்பியவர்களும் இதே நாட்டில் இருந்தார்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். விலை குறைந்த மார்ஃபின் மாத்திரையை வீட்டில் இருக்கிற நோயாளியிடமே கொடுத்தனுப்பினார்கள். கேரளம் முழுக்க அது பரவியது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தருகிற ஒரே உரிமம் போதும் என்றானது.

பயம் முழுக்கப் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கதை தலைகீழ். மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி 1980-இல் வெளியான ஐந்தே வாக்கியக் கடிதம் ஒன்றைக் காட்டி, இந்த வகை மருந்துகளுக்கு அடிமையாவது அபூர்வம் என்று பரப்பினார்கள். 1996-இல் ஆக்ஸிகாண்டின் சந்தைக்கு வந்தது. அதன் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதை, பர்டூ குழும நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே எல்லா முதுகுவலிக்கும் மாத்திரை. இங்கே எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் இல்லை. இரண்டு இடத்திலும் யாரும் கட்டிலருகே உட்கார்ந்து “எப்படி வலிக்குது?” என்று கேட்கவில்லை.

சட்டம் மாறிவிட்டது. ஆனால் அந்த வருஷங்களில் படித்த மருத்துவர்களில் பலர் மார்ஃபின் மாத்திரையைக் கையால் தொடாமலே பட்டம் வாங்கியவர்கள், பயம் அவர்களோடு தங்கிவிட்டது. அதனால் உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், “இங்க பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கா?” என்று தைரியமாகக் கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நோயாளி வலியைச் சொல்கிற வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், காந்துது என்றால் காந்துது என்றே.