ஏட்டில் எண்ணாய் நின்றவர்

கோலாலம்பூரை ஈயம் வளர்த்தது என்பர். அவ்வளர்ச்சிக்குப் பெண்களும் விலையாயினர். 1868 முதல் 1885 வரை சீனர் தலைவராய் விளங்கிய காப்பித்தான் யாப் ஆ லோயின் வருவாயில், ஈயச் சுரங்கங்களோடு சூதாட்டக் கூடங்களும் பரத்தையர் விடுதிகளும் பங்கு பெற்றன.

ஆங்கிலேயர் நேரே ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரிலோ 1870ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விடுதிகளைப் பதிவு செய்து, பெண்களுக்கு மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வந்து சென்ற ஆடவர்க்குச் சோதனை இல்லை. சட்டம் காக்க முனைந்தது யாரை என்பது இதனால் விளங்கும்.

போர்னியோவின் சண்டாக்கானுக்கு விற்கப்பட்ட ஜப்பானியப் பெண்ணொருத்தி, முதுமையில் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த ‘சண்டாக்கான் எட்டாம் எண் விடுதி’ என்னும் திரைப்படம் 1974இல் வெளிவந்தது. அவ்வாறு வாய் திறக்கும் வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலரே. ஏட்டில் எண்ணாய் நின்ற ஏனையோரையும் மனிதராய்க் காணப் பழக்குவது வரலாறு கற்பிப்போர் கடனாகும்.