ஊசிவெடி என்று நினைத்தார்கள்!

'நோவா' என்றால் லத்தீன் மொழியில் 'புதியது'. காலியாகக் கிடந்த இடத்தில் திடீரென்று ஒரு நட்சத்திரம் தெரிந்தால், அந்தக் காலத்து ஆசாமிகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? நிஜத்தில் அது கிழட்டு நட்சத்திரம். வெண்குள்ளன் என்று பெயர். பூமி சைஸ்தான், எடையோ கிட்டத்தட்ட சூரியன்! கூடவே சுற்றும் நட்சத்திரத்திடமிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது மேலே குவிந்து குவிந்து ஒருநாள் வெடிக்கும். மேல்தோல்தான் போகும், உயிர் போகாது. சூப்பர்நோவாவுக்கு முன்னால் வெறும் ஊசிவெடி!

எனவே, அதீத சக்தி வாய்ந்த காமா கதிர்களை நோவாவிடம் பெரும்பாலான விஞ்ஞானிகள் எதிர்பார்க்கவேயில்லை.

2010 மார்ச். ஜப்பானில் நிஷியாமா, கபாஷிமா என்று இரண்டு பேர். வானத்தைப் படம் பிடிப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. அன்னப்பறவைக் கூட்டத்தில் இருக்கும் வி407 சிக்னி, மூன்று நாளில் பத்து மடங்கு பிரகாசமாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதே சமயம், 2008-ல் நாசா அனுப்பிய ஃபெர்மி விண்கலத்தில் அதே திசையிலிருந்து காமா கதிர்கள் பதிவாயின. சுமார் பதினைந்து நாள்!

எப்படி? விளக்கம் ரெடி. அந்த வெண்குள்ளனின் ஜோடி, சூரியனைப்போல் 500 மடங்கு பெரிய சிவப்பு ராட்சசன். அது கக்கிய வாயுவில் வெடிப்பு மோத, துகள்கள் ஒளிவேகத்தை நெருங்கி, காமா கதிர்கள் பிறந்தன. ராட்சசன் இருந்தால்தான் காமா என்று முடிவு கட்டினார்கள்.

2012 ஜூனில் ஃபெர்மி இன்னொரு காமா மூலத்தைக் கண்டது. சூரியனுக்கு அருகில் இருந்ததால் சாதாரணத் தொலைநோக்கிகளால் அங்கே பார்க்க முடியவில்லை. ஆகஸ்டில் ஷிகேஹிசா ஃபுஜிகாவா என்ற ஜப்பானிய அமெச்சூர் அந்த இடத்தில் ஒரு நோவாவைக் கண்டார். வி959 மோன். அங்கே ராட்சசனே இல்லை!

பிறகு ரேடியோ தொலைநோக்கிகள் விடை சொல்லின: முதலில் மெதுவாகக் கிளம்பிய வாயுவைப் பின்னால் வந்த வேகமான வாயு முட்டுகிறது. மோதலுக்கு வெளியாள் தேவையில்லை.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? பூமியை ஓயாமல் தாக்கும் அண்டக்கதிர்கள் எப்படி இவ்வளவு வேகம் பிடிக்கின்றன என்பது நூறு வருடத்துக் கேள்வி. சூப்பர்நோவா மிச்சங்களில் அந்த வேலை நூற்றாண்டுக் கணக்கில் இழுக்கும். நோவாவிலோ ஆரம்பம் முதல் முடிவு வரை சில வாரங்கள். உட்கார்ந்து பார்த்துவிடலாம்!