இருபது விநாடி அவகாசம்

கம்ப்யூட்டரை எழுப்புவது சுலபம். தூங்கவைப்பதுதான் பெரும்பாடு... கைக்குழந்தை மாதிரி! இதற்கென்றே ஒரு குட்டி சரித்திரம் இருக்கிறது.

1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் பக்கவாட்டில் பெரிதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச். வேலை முடிந்ததா? டொக்! அவ்வளவுதான். விடைபெறும் சம்பிரதாயமெல்லாம் கிடையாது.

வேகத்துக்கு ஆசைப்பட்டபோது ஆரம்பித்தது சிக்கல். ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது மெதுவான காரியம். எனவே 'எழுதியாச்சு' என்று நம்மிடம் சொல்லிவிட்டு, தகவலை மெமரியில் வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக எழுதும் தந்திரம் வந்தது. 1993-ல் வெளியான டாஸ் 6.0-வில் 'ஸ்மார்ட் டிரைவ்' இதைத்தான் செய்தது. ஜனங்களோ பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தட்ட, எழுதாத தகவல் அம்போ! அதே ஆண்டு வந்த 6.2-வில், எழுதி முடித்த பிறகே அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்படி மாற்றினார்கள்.

விண்டோஸ் 95-ல் சம்பிரதாயம் முழுசாக வந்துவிட்டது. நிறுத்துவதற்கும் 'ஸ்டார்ட்' பட்டனைத்தான் அமுக்க வேண்டும் (கேலி செய்யாதவர்கள் இல்லை!). கடைசியில் கறுப்புத் திரையில், ஆரஞ்சு எழுத்தில், 'இனி அணைக்கலாம்' என்று அனுமதி வரும். அதே 1995-ல் இன்டெல் அறிவித்த ஏ.டி.எக்ஸ். முறையில்தான், மென்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி பரவியது.

1998-ல் இன்னொரு கூத்து. விண்டோஸ் 98-ல் சீக்கிரம் அணைய 'ஃபாஸ்ட் ஷட்டவுன்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். சில கம்ப்யூட்டர்கள் அதனாலேயே அணையாமல் உறைந்து நின்றன! அந்த வசதியை நிறுத்திவைப்பதுதான் வைத்தியம்.

பிறகு 2001-ல் எக்ஸ்பி. அணைக்கச் சொன்னதும் அது ஒவ்வொரு ப்ரோகிராமிடமும் 'கிளம்பு' என்று சொல்லும். கிளம்பாதவர்களுக்கு 20,000 மில்லிவிநாடி, அதாவது 20 விநாடி அவகாசம். ரெஜிஸ்ட்ரியில் 'வெய்ட் டு கில் ஆப் டைம்அவுட்' என்ற இடத்தில் இந்த எண் இருக்கும். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்கும் அதே மாதிரி தனியாக ஒன்று. இவற்றை 2,000, 1,000 என்று குறைப்பது அந்நாளைய கம்ப்யூட்டர் பிரியர்களின் வீர விளையாட்டு.

பலன் உண்டா? இங்கேதான் விஷயமே. 20 விநாடி என்பது கட்டாயக் காத்திருப்பு அல்ல, அதிகபட்ச எல்லை. எல்லோரும் 3 விநாடியில் கிளம்பிவிட்டால், அந்த எண்ணைப் பாதியாக்கினாலும் ஒரு விநாடிகூட மிச்சமாகாது. மாட்டிக்கொள்வது தாமதிப்பவர்தான். அவர் வெட்டியாக முரண்டு பிடிக்கும் ப்ரோகிராமாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கு வழக்கைக் கடைசி வரிவரை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். கத்திக்கு இருவரும் ஒன்றுதான்!

சர்வீஸ்களுக்கான அவகாசத்தை மைக்ரோசாஃப்டே பிற்பாடு விண்டோஸ் 7-ல் 12 விநாடியாகவும், 2012-ல் விண்டோஸ் 8-ல் 5 விநாடியாகவும் குறைத்தது. அதே விண்டோஸ் 8-ல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வேறு வந்தது. அது இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக விடைபெறாது. அப்படியே டிஸ்க்கில் பதிந்து உறங்கும். முழுசாகத் துடைத்துவிட்டு எழ வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்'தான்.

ஆகவே, உங்கள் கம்ப்யூட்டர் அணைய அடம்பிடித்தால் முதலில் எண்ணில் கைவைக்காதீர்கள். கிளம்பாமல் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். வேண்டாத ஆளா, வெளியே அனுப்புங்கள். வேலையாக இருப்பவரா... இருபது விநாடிதானே, கொடுத்துவிட்டுப் போங்களேன்!