சிங்கை நகரத் திட்டமும் இடம் மாறிய ஆலயமும்



சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை அறியாத தமிழர் இவ்வட்டாரத்தில் மிகச் சிலரே. ஆயினும், அவ்வாலயம் அங்கு வந்து சேர்வதற்கு முன் இரண்டு இடங்கள் கைமாறிப் போயின என்பதும், அதற்கு ஒரு நகரத் திட்டமும் காரணம் என்பதும் நம் மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. அவ்வரலாற்றை இவ்விடுகையில் எழுத விழைகிறேன்.

1819ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிவிட்டுச் சென்றார். ஆற்றின் வடகரையை அரசாங்கப் பயன்பாட்டிற்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தென்கரையோ சதுப்பு நிலம். ஆகவே, பொறுப்பிலிருந்த வில்லியம் ஃபார்குவார், வடகரையிலேயே வணிகர்கள் கட்டடம் எழுப்ப இசைவளித்தார். 1822 அக்டோபரில் திரும்பி வந்த ராஃபிள்ஸ் இதனைக் கண்டு சினங்கொண்டார். நகரைச் சீர்செய்ய மூவர் கொண்ட குழுவொன்றை அமைத்தார். பொறியாளர் பிலிப் ஜேக்சன் வரைபடத்தை வரைந்தார். 'ஜேக்சன் திட்டம்' என வரலாறு குறிப்பது இதுவே.

அன்று சிங்கப்பூர் ஒரு சிற்றூரே. 1824இல் எடுக்கப்பட்ட முதல் குடிக்கணக்கில் இருந்தோர் 10,683 பேர்தாம். ஆயினும் திட்டம் பெரிது. வடகரை அரசாங்கக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வணிகர்கள் தென்கரைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த சிறு குன்று ஒன்றை வெட்டி, அந்த மண்ணால் சதுப்பை மேடாக்கினர். குன்று நின்ற இடம் வணிகச் சதுக்கமாயிற்று; 1858 முதல் அதன் பெயர் ராஃபிள்ஸ் பிளேஸ். ஆற்றுமுகத்தில் இருந்த தெமெங்கோங்கின் குடியிருப்பு தெலுக் பிளாங்காவிற்குச் சென்றது. சீனர், இந்தியர், அரபியர், பூகிஸ் மக்கள் என ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனிப் பகுதி வகுக்கப்பட்டது. கடைவீடுகளின் முன்புறம் மக்கள் நடக்கத் தொடர்ச்சியான கூரையுள்ள பாதை விடப்பட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. நம்மவர் 'அஞ்சடி' என்றழைப்பது அதன் வழிவந்ததே.

இனி ஆலயத்தின் கதைக்கு வருவோம். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற்சூளை அமைத்து, சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரராக விளங்கியவர். இந்துக்களுக்கு ஓர் ஆலயம் வேண்டும் என முயன்றவரும் அவரே. முதலில் தெலோக் ஆயர் தெருவில் இடம் கிடைத்தது. ஆனால், பூசைக்கு வேண்டிய நன்னீர் அருகில் இல்லை. 1821இல் ஸ்டாம்ஃபர்டு கால்வாய்க்கு அருகே வேறிடம் தரப்பட்டது. மறு ஆண்டே ஜேக்சன் திட்டம் வந்து, அப்பகுதியை வேறு தேவைகளுக்கு ஒதுக்கிவிட்டது. பிள்ளை சோர்ந்துவிடவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் ஆலயத்திற்கென முறையாக வழங்கப்பட்டது. 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் எளிய ஆலயம் எழுந்தது. 1973இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நகரத் திட்டம் வரைபவரின் கோல் எங்கோ ஓரிடத்தில் ஒருவரின் வீட்டின் மேலோ வழிபாட்டிடத்தின் மேலோ விழுந்தே தீரும். அவ்வேளையில் தேவையை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தாரா, மாற்று நிலம் முறையாகக் கிடைத்ததா என்பவையே பின்வரும் தலைமுறைகளின் நிலையை முடிவு செய்கின்றன. நாராயண பிள்ளை இரண்டு இடங்களை இழந்தும் கேட்பதை நிறுத்தவில்லை. அதன் பயனை இரு நூற்றாண்டுகளாக நம் சமுதாயம் நுகர்ந்து வருகிறது.

மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இடம்பெயர நேர்ந்த தமிழ்ப்பள்ளிகளை நாம் அறிவோம். சொந்த நிலமின்றி, பகுதி உதவி பெறும் நிலையில் இயங்கும் பள்ளிகளும் உள. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றத்தின் வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; மறுப்புரை கூறவும் மக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அவ்வரைவைச் சென்று பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்? பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதனைத் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். கட்டடம் இடிபடும் நாளில் கூடிக் கண்ணீர் சிந்துவதைவிட, கோடு வரையப்படும் நாளில் சென்று நிற்பதே நன்று.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் நடத்தும்போது, தத்தம் ஊரின் வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி, பள்ளி, கோயில், சந்தை ஆகியவை முன்பு எங்கிருந்தன என மாணவர்களைக் கேட்டறிந்து வரச் சொல்லலாம். தாத்தா பாட்டியரிடம் அவ்விடைகள் இன்னும் உள்ளன.