கன்றுக்கு முன்னால் நிலம்: இமாச்சல ஆப்பிளின் கதை

இமாச்சலப் பிரதேசத்து ஆப்பிளின் வரலாற்றை எல்லோரும் 1916-இல் தொடங்குகிறார்கள். பிலடெல்பியாவிலிருந்து 1904-இல் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்ய வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லா மலையில் உள்ள கோட்கர் பகுதியில் 'ரெட் டெலிசியஸ்' கன்றுகளை நட்டார், மலை விவசாயியின் வறுமை தீர்ந்தது என்பார்கள். தோழர்களே, நாம் 1921-இலிருந்து தொடங்குவோம்.

கோட்கர், இந்துஸ்தான் - திபெத் சாலையை ஒட்டிய பகுதி. அந்த வழியில் வெள்ளை அதிகாரி வேட்டைக்குப் போனாலும் அவருடைய மூட்டைகளைக் கிராமத்தார்தான் சுமக்க வேண்டும். இதற்குப் பேகார் என்று பெயர். நம் ஊர்ச் சொல்லில் வெட்டி வேலை. கதிர் முற்றி நின்றாலும் போட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். தன் உழைப்பே தன் கையில் இல்லாதவர் மரம் வைத்து என்ன கண்டார்? ஸ்டோக்ஸ் ஊராரோடு சேர்ந்து பேகாரை எதிர்த்துப் போராடினார். 1921-இல் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அவர் செய்த பெரிய தோட்டக்கலைப் பணி இதுதான் என்போம். கன்றெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது நிலம். விதைக்கன்றில் ஒட்டுக்கட்டிய ஆப்பிள் மரம் காய்க்கவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பெரிய வேறு வழி வேண்டும். மரம் நிற்கும் மண்ணிலிருந்து யாரும் விரட்ட மாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். 1953-இன் சட்டம் பெருநிலவுடைமையை ஒழித்தது. 1972-இன் சட்டம் குத்தகைதாரர்களை உடைமையாளர்களாக்கியது. பல மாநிலங்கள் ஏட்டோடு நிறுத்திக்கொண்டதை இமாச்சலம் பெருமளவு செய்து காட்டியது. ஆப்பிள் பரவியதற்கு இதுவே அடித்தளம்.

ஆனால் இரண்டு சட்டங்களும் குத்தகைதாரரைத்தான் பார்த்தன. குத்தகைக்குக்கூட நிலம் கிடைக்காமல் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு அவற்றில் என்ன இருந்தது? 2011 கணக்குப்படி அந்த மாநிலத்தில் நான்கில் ஒருவர் தலித். நிலமற்றோருக்கு இருந்த ஒரு வாசல் 'நௌதோர்': அரசுத் தரிசைப் புதிதாக உடைத்து உழுதுகொள்ள ஒதுக்கித் தருவது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்த வாசலும் பெரும்பாலும் அடைபட்டது. அதற்குப் பிறகு வந்த கன்று மானியமோ குளிர்பதனக் கிடங்கோ எதுவானாலும், கையில் நில ஆவணம் வைத்திருப்பவரிடம்தான் போய்ச் சேர முடியும்.