வளர்ச்சிக் காலத்து வாக்குறுதிகள்: ஜெனரல் மோட்டார்ஸ் வீழ்ச்சியின் வரலாறு (1950–2009)

முன்னுரை

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நியூயார்க் திவால் நீதிமன்றத்தை நாடியது. அது காட்டிய சொத்து மதிப்பு சுமார் 8,230 கோடி டாலர். கடனும் பிற பொறுப்புகளும் சுமார் 17,280 கோடி டாலர். 1931 முதல் 77 ஆண்டுகள் உலகக் கார் விற்பனையில் முதலிடம் வகித்த நிறுவனம் அது. 2008இன் நிதி நெருக்கடிதான் அதை வீழ்த்தியது என்பது ஒரு விளக்கம். தொழிலாளரின் அதிகச் சம்பளம்தான் வீழ்த்தியது என்பது இன்னொன்று. இரண்டுமே வரலாற்றின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பவை. விற்பனை பெருகிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு நிறுவனம் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பொறுப்புகள், விற்பனை சுருங்கத் தொடங்கியதும் அதன் எல்லா முடிவுகளையும் திசைதிருப்பின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1950 ஒப்பந்தமும் அதன் அடித்தளமும்

1936 டிசம்பர் இறுதியில் மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடினர். 44 நாள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தது. 1950இல் சங்கத் தலைவர் வால்டர் ரூதரும் நிறுவனத் தலைவர் சார்லஸ் வில்சனும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை எட்டினர். விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டில் பங்கு ஆகியவை தொழிலாளருக்குக் கிடைத்தன. வேலைநிறுத்தம் இல்லாத ஐந்தாண்டு அமைதி நிர்வாகத்துக்குக் கிடைத்தது. ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று பெயர்பெற்ற இது அமெரிக்கத் தொழில்துறைக்கே முன்மாதிரியாயிற்று.

இப்பாதுகாப்பைத் தொழிலாளர் கேட்டது முழுக்க நியாயமே. ஆனால் அதை யார் சுமப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது. நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று ரூதர் தொடர்ந்து வாதாடியவர். அது கைகூடாததால் அந்தந்த நிறுவனமே தன் தொழிலாளரின் முதுமைக்கும் நோய்க்கும் பொறுப்பு என்ற ஏற்பாடு நிலைத்தது. ஜப்பானில் 1961 முதல் மருத்துவக் காப்பீடு குடிமக்கள் அனைவருக்கும் கிடைத்தது. அங்கே கார் நிறுவனங்கள் இந்தச் சுமையைத் தனியாகத் தாங்க வேண்டியிருக்கவில்லை.

எண்கள் தலைகீழான விதம்

1962இல் அமெரிக்கச் சந்தையில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி இந்நிறுவனத்தினுடையவை. அப்போது அங்கே அதன் ஊழியர் சுமார் 4,64,000 பேர்; ஓய்வூதியர் சுமார் 40,000 பேர். ஒரு முதியவருக்காக 11 பேருக்கு மேல் உழைத்தனர். 2005 இறுதியில் ஊழியர் 1,41,000 பேராகக் குறைந்து, ஓய்வூதியர் 4,53,000 பேராகப் பெருகியிருந்தனர். உழைக்கும் ஒருவரின் பின்னால் மூன்று ஓய்வூதியர்கள். அவ்வாண்டு வாக்கில் ஒவ்வொரு வாகனத்தின் மீதும் மருத்துவச் செலவு மட்டும் சுமார் 1,500 டாலர் ஏறுவதாகவும், அது எஃகுக்கு ஆகும் செலவை மிஞ்சுவதாகவும் நிர்வாகமே சொன்னது.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு முதுமை மட்டும் காரணமன்று. உற்பத்தித் திறன் உயர்ந்ததால் ஆள்தேவை குறைந்தது. சந்தைப் பங்கு சரிந்ததால் அது மேலும் குறைந்தது. 2008இல் அப்பங்கு சுமார் 22 விழுக்காடு. பாதிச் சந்தையை நம்பிக் கொடுத்த வாக்குறுதியைக் கால்வாசிக்கும் குறைவான சந்தையை வைத்து நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

சந்தைப் பங்கு சரிந்தது ஏன்?

1973இன் எண்ணெய்த் தடைக்குப் பிறகு வாங்குவோர் சிறிய, எரிபொருள் மிச்சப்படுத்தும் கார்களைத் தேடினர். இந்நிறுவனம் 1970இல் கொண்டுவந்த செவ்ரோலெட் வேகா, துருவுக்கும் எஞ்சின் கோளாறுக்கும் பெயர்போனது. டொயோட்டா, ஹோண்டா கார்களுக்கு மாறிய வாடிக்கையாளர் பலர் திரும்பி வரவில்லை.

சீர்திருந்தும் வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை, வேலைக்கு வராமை, சச்சரவு, தரக்குறைவு ஆகியவற்றால் 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அது மீண்டும் திறக்கப்பட்டபோது வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே, சங்கமும் அதுவே. மாறியது வேலைமுறை. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம், குழுத்தலைவர் ஓடிவருவார், உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். மற்ற ஆலைகளிலோ வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குறையுள்ள வண்டி கடைசிவரை போய், பிறகு பழுதுபார்ப்புக் கொட்டகைக்குச் சேரும். ஃப்ரீமான்ட் வண்டிகளின் தரம் விரைவிலேயே ஜப்பானியத் தரத்தை நெருங்கியது. தொழிலாளர்தான் தடை என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை.

அந்தப் பாடத்தை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசெல்வதில் நிர்வாகம் மிகவும் மெத்தனமாக இருந்தது. 1981 முதல் 1990 வரை தலைவராக இருந்த ராஜர் ஸ்மித், ரோபோக்களிலும் வேறு தொழில்களிலும் பணத்தைக் கொட்டினார். 1984இல் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சுமார் 250 கோடி டாலருக்கும், 1985இல் ஹியூஸ் விமான நிறுவனத்தை அதைவிடப் பெருந்தொகைக்கும் வாங்கினார். 1992இல் நிறுவனம் 2,350 கோடி டாலர் நட்டம் காட்டியது. ஓய்வூதியரின் வருங்கால மருத்துவச் செலவைக் கணக்கில் ஏற்றியாக வேண்டும் என்ற புதிய கணக்கியல் விதியே இதன் பெரும்பகுதிக்குக் காரணம். மறைந்திருந்த சுமை அன்றுதான் ஏட்டில் ஏறியது.

நோயை மறைத்த இலாபம்

1990களில் பெரிய எஸ்யூவிகளும் பிக்கப் டிரக்குகளும் நிறுவனத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தன. இறக்குமதி டிரக்குகள் மீது 1964 முதல் இருந்த 25 விழுக்காட்டு வரி, பிக்கப் சந்தையில் போட்டியைத் தடுத்தது. இன்னொரு பக்கம், அதன் கடன் பிரிவான ஜிஎம்ஏசி வீட்டுக்கடனிலும் இறங்கிச் சம்பாதித்தது. காரில் விட்டதை டிரக்கிலும் வட்டியிலும் பிடித்தார்கள். அதனால் சிறு கார்களைச் சீர்திருத்தும் அவசரம் எழவில்லை.

இதனோடு சேர்ந்தது நிலைச் செலவின் கட்டாயம். ‘வேலை வங்கி’ ஏற்பாட்டின்படி வேலையில்லாத தொழிலாளருக்கும் சம்பளத்தின் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. ஆலையை நிறுத்தினாலும் செலவு நிற்காது என்பதால் உற்பத்தி தொடர்ந்தது. தேங்கிய வண்டிகள் தள்ளுபடியிலும் வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் விற்கப்பட்டன. அதனால் மறுவிற்பனை மதிப்பு சரிந்தது. அடுத்த மாடலை விற்க மேலும் பெரிய தள்ளுபடி தேவைப்பட்டது.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதும் டிரக் விற்பனை சரிந்தது. செப்டம்பர் நிதி நெருக்கடியில் கார் கடன் கிடைப்பதும் அரிதாயிற்று. தாங்கி நின்ற இரண்டு தூண்களும் ஒரே ஆண்டில் சாய்ந்தன. அவ்வாண்டு நட்டம் 3,090 கோடி டாலர்.

முடிவுரை

அமெரிக்க அரசு மொத்தம் சுமார் 4,950 கோடி டாலர் கொடுத்தது. பிழைக்கக்கூடிய சொத்துகள் 2009 ஜூலை 10 அன்று புதிய நிறுவனத்துக்கு மாறின. பழைய பங்குதாரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கடன்பத்திரம் வைத்திருந்தோர் புதிய நிறுவனத்தில் 10 விழுக்காடு பெற்றனர். ஓய்வூதியரின் மருத்துவ அறக்கட்டளை, தனக்கு வரவேண்டிய பணத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக 17.5 விழுக்காட்டுப் பங்கை ஏற்றுக்கொண்டது. 2013இல் அரசு தன் கடைசிப் பங்கை விற்றபோது மக்களின் வரிப்பணத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் திரும்பவில்லை. சமூகம் முழுதும் பகிர்ந்திருக்க வேண்டிய சுமை, அரை நூற்றாண்டு கழித்து ஒழுங்கற்ற வழியில் சமூகத்திடமே வந்து சேர்ந்தது.

ஒரு பெரிய கார் நிறுவனம் தடுமாறும்போது அந்த ஆண்டின் விற்பனையை மட்டும் பார்ப்பது போதாது. அது எவ்வளவு பெரிய சந்தையை நம்பி வாக்குக் கொடுத்தது, இலாபம் எந்த ஒரு வகை வண்டியிலிருந்து வருகிறது, அந்த இலாபம் எந்தக் குறையை மறைக்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும். முதுமைக்கும் நோய்க்குமான பாதுகாப்பு தொழிலாளரின் உரிமை. அவ்வுரிமையை ஒரு நிறுவனத்தின் சந்தை வெற்றியோடு கட்டிப்போட்டால், அந்த வெற்றி குலையும் நாளில் நிறுவனமும் தொழிலாளரும் சேர்ந்தே விழுவார்கள்.