கடாரத் துறையும் பாய் சுருட்டும் கலையும்

தமிழர் கடல் கடந்த வரலாற்றை உரைப்போர் பலரும் பாய் விரித்த பெருமையையே உரைப்பர். பாய் சுருட்டிய திறத்தை உரைப்போர் மிகச் சிலரே. ஆயினும் மரக்கலம் செலுத்தும் தொழிலில் விரித்தல் எளிது, சுருக்குதலே அரிது. விரித்த பாயை வேண்டிய பொழுதில் சுருக்க இயலாத கலம் எத்துணைப் பெரிதாயினும் காற்றின் கையில் அகப்பட்ட துரும்பே ஆகும். கெடா மாநிலத்தின் பழந்துறைகளை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

பாயைச் சுருக்கத் தவறினால் விளைவது யாது? இதற்கு விடை பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியிலேயே உள்ளது. அதனைப் பாடிய மாங்குடி மருதனார், மதங்கொண்ட யானை பாகரைக் கொன்று, தொடரை அறுத்து, கட்டுத்தறியை முறித்து ஓடும் காட்சிக்குப் புயலிற் சிக்கிய நாவாய் ஒன்றை உவமை கூறுகின்றார். அவர் கூறும் முறை கருதத் தக்கது. முதலில் இறுகக் கட்டிய வலிய கயிறு அறுகின்றது. அடுத்துப் பாய் பீறுகின்றது. பின்னர்ப் பாய்மரம் அடியோடு முறிகின்றது. இறுதியில் கலம் சுழியிற் சிக்குகின்றது. கயிறு, பாய், மரம், கலம் என்னும் இவ்வரிசை புலவரின் வெறுங் கற்பனையன்று. கடலில் நிகழும் கேடும் இவ்வாறு படிப்படியாகவே வளரும். அப்பாட்டில் பாயைக் குறிக்கும் சொல் ‘இதை’ என்பது. மாணவர் பலர் அதனைச் சுட்டுச் சொல்லென்றே மயங்குவர்.

புறநானூற்றின் முப்பதாம் பாட்டு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுங்கால், புகார்த் துறையினுள் பெருங்கலங்கள் மேற்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறையாமலும் புகுந்தன என்கின்றார். புகாரின் ஆழத்தையும் அகலத்தையும் புகழ்வதே அவர் கருத்து. ஆனால் அப்புகழுரையுள் ஒரு செய்தி பொதிந்துள்ளது. பிற துறைகளில் பாயைக் களைந்தும் பாரத்தைக் குறைத்துமே கலங்கள் புகுந்தன என்பது தானே பெறப்படும் அன்றோ? விதி இருந்தமையால்தான் விலக்குப் புகழுக்கு உரியதாயிற்று.

இனிக் கடாரத்தை நோக்குவோம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, நடுக்கடலில் வருவோர்க்கும் துறையின் திசையைக் காட்டும் இயற்கை அடையாளம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆறு கடலொடு கலக்கின்றது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930-களில் குவாரிச் வேல்ஸ் நடத்திய அகழாய்வுகள் பல கோயில் அடித்தளங்களை வெளிப்படுத்தின. 2009 முதல் சுங்கை பத்துவில் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும் ஆற்றங்கரைப் படகுத்துறையின் செங்கற் கட்டடங்களும் கிடைத்தன. 1834-இல் ஜேம்ஸ் லோ என்பவர் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனுடையது; கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவது. பயணம் நிறைவேறுக என்னும் வேண்டுதல் அதில் உள்ளது. கடலை நன்கறிந்தவனே அவ்வாறு வேண்டினான் என்பது நினைக்கத் தக்கது.

கடாரத்துக் கடற்பயணம் பருவக் காற்றை நம்பியது. தென்மேற்குப் பருவக் காற்றால் கலங்கள் கிழக்கே வந்தன. வடகிழக்குப் பருவக் காற்றால் மேற்கே மீண்டன. கி.பி. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங், ஊசிங் என்னும் மற்றொரு துறவி கடாரத்தினின்று முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததைக் குறித்துள்ளார். கடலில் கழிந்தது ஒரு திங்கள். துறையில் காற்று மாறும் வரை காத்திருந்ததோ பல திங்கள். விரிந்த பாய்கள் வந்து சுருண்டு கிடந்த இடமே கடாரம்.

பாய் என்னும் சொல்லே ஈண்டுச் சிந்தனைக்கு உரியது. படுக்கும் பாயும் கப்பற் பாயும் தமிழில் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றன. தென்கிழக்காசியக் கலங்களில் ஓலையால் முடைந்த பாய்களே காற்றை ஏற்றன. முடைந்த பாயைத் துணிபோல் மடித்தல் இயலாது, சுருட்டுதலே இயலும். எனவே பாயின் அடிப்பருமலையே உருட்டி, விரிப்பைச் சுருட்டுவதுபோல் பாயை அதன்மேற் சுற்றிச் சிறிதாக்கும் முறை இப்பகுதியில் வளர்ந்தது. சுலாவேசித் தீவினர் கலங்களில் அது நெடுங்காலம் வழங்கிற்று. சாவகத்துப் போரோபுதூர்ச் சிற்பங்களில் அத்தகைய சாய்ந்த பாய்களைக் காணலாம். அக்கலங்களின் அணியத்தில், அதாவது முன்முனையில், சிறு முன்பாய் ஒன்றும் உண்டு. அஜந்தாவின் இரண்டாம் குகை ஓவியத்திலும் மூன்று நெடும்பாய்களுக்கு முன்னே அணியப் பாய் காணப்படுகின்றது.

மேலைநாட்டார் இத்துறையில் பின்னரே எந்திர வழி கண்டனர். 1850-இல் ஆங்கிலேயரான கன்னிங்காம், மாலுமிகள் மரத்தின்மேல் ஏறாமலே மேற்பாயைப் பருமலிற் சுருட்டும் பொறிக்கு உரிமை பெற்றார். பின்னர், முன்பாயைக் கீழிருந்தே சுருட்டும் உருளைப் பொறி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு படகுகளுக்கு வந்தது. கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவின் குவா, தெலாகா துறைகளில் நிற்கும் பாய்ப்படகுகளில் இன்று காண்பது அதன் வழிவந்த பொறியே.

அதன் அமைப்பு எளிது. மர உச்சியிலிருந்து அணியத்திற்கு இறங்கும் கம்பிவடத்தைச் சூழ ஒரு குழல். குழலின் அடியில் ஓர் உருளை. உருளையிற் சுற்றிய கயிற்றை இழுத்தால் குழல் சுழன்று பாயைத் தன்மேற் சுருட்டிக்கொள்ளும். ஆனால் காற்று மிகும் வேளையில் அது அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. அப்பொழுது பலர் அடியிலுள்ள உருளையையே ஐயுறுவர். குறையோ பெரும்பாலும் உச்சியில் இருக்கும். பாயை ஏற்றிய கயிறு வடத்தை ஒட்டி நேராக ஓடினால், குழல் சுழலுங்கால் அதுவும் சேர்ந்து வடத்தின்மேற் சுற்றிக்கொள்ளும். அதனை வடத்தினின்று சற்றே பின்னோக்கி விலகி ஓடுமாறு அமைத்தலே தீர்வு. உருளையிற் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்குவது இரண்டாவது குறை. பாயை விரிக்குங்கால் அக்கயிற்றைச் சற்று இழுத்துப் பிடித்தே விட்டால் அது நேராது. உப்புப் படிந்து சுழலிகள் இறுகுதல் மூன்றாவது. நன்னீரால் அலசுதலே அதற்கு மருந்து.

இவற்றை அறியாதவன் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. கைக்கு அசையாத கயிற்றை இழுவைப் பொறியில் மாட்டி வலிந்து இழுப்பான். உச்சியில் சிக்கிய கயிறு அறும்; வடமும் அறுமாயின் மரத்தைத் தாங்க முன்னே வேறொன்றும் இல்லாமல் மரமே சாயும். மதுரைக்காஞ்சி காட்டிய அதே வரிசை! ஆங்குக் காற்று செய்ததை ஈங்கு மனிதன் தன் கையாலேயே செய்துகொள்கின்றான். மேலே பார்த்துக் காரணம் கண்ட பின்னரே கயிற்றை இழுக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

1926-இல் கட்டப்பெற்ற ரஜுலா போன்ற நீராவிக் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து, கெடாத் தோட்டங்களில் குடியேறிய மக்களின் நினைவில் பாய்மரக் கலம் இல்லை. ரஜுலாவும் 1973-இல் பயணத்தை முடித்துக்கொண்டது. எனவே இதை, கூம்பு, மீப்பாய் என்னும் சொற்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருளாக மட்டும் எஞ்சுதல் வியப்பன்று. ஆனால் சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் ஆற்றங்கரை தொலைவில் இல்லை. லங்காவித் துறையும் எட்டாத இடமன்று. சுருண்ட முன்பாய் ஒன்றை மாணவர்க்குக் காட்டி, கயிறு அற்றால் என்னாகும் என்று ஆசிரியர் வினவுவாராயின், மாங்குடி மருதனார் வைத்த வரிசையை அவர்களே சொல்லிவிடுவர். அதன் பின்னர் அச்சொற்களுக்கு உரைநூல் வேண்டுவதில்லை.